கரிசல் குடித்த தண்ணீர்

பி.எட். படித்தபோது பரளச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் எனக்குக் கற்பித்தல் பயிற்சி. நான் பாளையம்பட்டியில் கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். மண்ணோடு எனக்கிருந்த உறவு வாசல் தெளிப்பதோடு சரி. அந்த லட்சணத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுப் பிள்ளைகளுக்கு மண் வகைகளை நடத்தக் கிளம்பினேன்.

அன்று கல்லூரிப் பேராசிரியர் என் வகுப்பைப் பார்க்க வருகிறார். அவர் போடும் மதிப்பெண்ணில் தவறினால் மறுபடியும் முதலிலிருந்து பயிற்சி. மூன்று நாள் உட்கார்ந்து பாடத்திட்டம் எழுதினேன். என் கேள்வி ஒரு பக்கம், மாணவர் சொல்ல வேண்டிய பதில் மறுபக்கம். நான் புன்னகைக்க வேண்டிய இடத்தைக்கூடக் குறித்துவைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனையும் உண்டு. மூன்று பாட்டில்களின் அடியை வெட்டி, வாயில் துணி கட்டி, டம்ளர்களில் கவிழ்த்து நிறுத்தி மணல், செம்மண், கரிசல் போட்டிருந்தேன். கரிசல்தான் தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்று காட்ட வேண்டும். வழியிலிருந்த புஞ்சைக் காட்டில் கரிசலைக் கட்டி கட்டியாகப் பெயர்த்து அப்படியே நிரப்பியிருந்தேன். ஒத்திகையெல்லாம் பார்க்கவில்லை. புத்தகத்தில் போட்டிருக்கும்போது எதற்கு?

பேராசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தண்ணீரை ஊற்றினேன். மணலை முந்திக்கொண்டு கரிசல்தான் சளசளவென்று கொட்டியது.

இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், அது வெடிப்பு விட்ட மண்ணு. மொதத் தண்ணியக் கீழ விட்டுரும். ஊறுனப்புறம் ஊத்துங்க, நிக்கும்."

என் பாடத்திட்டத்தில் அந்தப் பதில் இல்லை. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, உக்காரு" என்று பல்லைக் கடித்தேன். புத்தகத்திலிருந்த படத்தைக் காட்டி, கரிசல் தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்று கூசாமல் நடத்தினேன். பிள்ளைகள் படத்தைப் பார்க்கவில்லை, நிரம்பிய டம்ளரைத்தான் பார்த்தார்கள்.

வகுப்பு முடியும் நேரத்தில் பேராசிரியர் தலையைத் தூக்கினார். "அந்தப் பிள்ளை சொன்ன மாதிரி ஊத்திப் பாருங்கம்மா."

ஊற்றினேன். கட்டிகள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தண்ணீர் மேலேயே நின்றது. வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன், ஏதோ நானே ஏற்பாடு செய்ததைப் போல.

"மாணவரின் அனுபவ அறிவைத் திறம்பட வெளிக்கொணர்ந்தார்" என்று எழுதி, நல்ல மதிப்பெண் போட்டார் பேராசிரியர். உட்காரச் சொன்னது அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது. நன்றி மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

அவர் போனபின் அந்தப் பெண்தான் குழாயடியில் பாட்டில்களைக் கழுவ உதவினாள். கழுவிக்கொண்டே, "டீச்சர், இனிமே நான் எந்திரிச்சுச் சொல்லவா, வேண்டாமா?" என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது.

"சொல்லும்மா. நீ சொன்னதுதான் சரி. உன்ன உக்காரச் சொன்னது என் தப்பு" என்றேன்.

இவ்வளவையும் தைரியமாகச் சொன்னேன். பேராசிரியர் ஏறிய அருப்புக்கோட்டை பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகு.