அம்மா அப்பாவோடு உட்காருங்கள்

இன்று காலை டிக்கோயாவில், எங்கள் சபையில், ஆராதனை தொடங்கும் முன் பாஸ்டர் சொன்னார்:

"இனிமே ஆராதனை நேரத்துல புள்ளைங்களுக்குத் தனி கிளாஸ் இல்ல. எல்லாரும் அம்மா அப்பாகூட போய் உக்காருங்க."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். முன்னால் பாயில் இருந்த பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள்.

பாதிப் பேர் ஓடவில்லை. அங்கேயே நின்றார்கள். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து தாங்களாகவே நடந்து வருகிற பிள்ளைகள். அம்மா குவைத்தில் வீட்டு வேலையில், அப்பா கொழும்பில் ஏதோ ஒரு கடையில். பாஸ்டருக்கு இது தெரியாததில்லை. அந்த நேரத்தில் மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

நான் கைகாட்டிக் கூப்பிட்டதும் ஒரு சின்னவள் வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள்.

"விழுந்துருவ பாப்பா, நல்லா தள்ளி உக்காரு."

"பரவால்லக்கா. அம்மா வந்தா எந்திரிச்சுப் போகணும்."

"அம்மா எப்ப வர்றாங்க?"

"தெரியாதுக்கா."

பிரசங்கம் முடியும்வரை அவள் நுனியைவிட்டு நகரவே இல்லை.

அடுத்த ஞாயிறும் இதே ஏற்பாடுதானாம். எங்கள் சபையில் பெஞ்சுக்குக் குறைவில்லை, அம்மாக்களுக்குத்தான் தட்டுப்பாடு. உங்கள் பக்கம் எப்படி?