நுரைக்காத தண்ணீர்

மேல்பட்டாம்பாக்கத்து அப்துல் ஜலீலின் வீட்டு ஆண்களெல்லாம் கடை வைக்கப் பினாங்குக்குப் போனார்கள். அவர் மட்டும் வேதியியல் படித்தார். கடலூரில் குடியிருந்து, சிதம்பரத்தில் ஒரு கல்லூரிக்கு ரயிலில் போய்வரும் விரிவுரையாளரானார். செய்முறையை மனப்பாடமாக எழுதித் தள்ளும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், 1966இல் பி.எஸ்ஸி. வகுப்பை நால்வர் நால்வராகப் பிரித்தார். அவரவர் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து, எதில் சோப்பு நுரைக்கிறது, எதில் நுரைக்கவில்லை, ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். நால்வரில் யாரை வேண்டுமானாலும் கேட்பார். அந்தப் பதிலுக்குரிய மதிப்பெண்தான் நால்வருக்கும்.

தலைவலிதான் மிச்சம். ஒருவன் வேலை செய்ய, மற்றவர்கள் கேன்டீனுக்கு நழுவினார்கள். சந்தேகம் கேட்டவர்களிடம் அவர் திருப்பிக் கேள்வி கேட்டால் முகத்தைச் சுளித்தார்கள்.

வகுப்பில் முதல் மாணவனான கலியமூர்த்தி நேரிலேயே வந்து நின்றான். "அவுங்க உளறினா என் மார்க் ஏன் சார் கொறையணும்?"

"உளறாத மாதிரி நீ சொல்லிக் குடேன்."

"அதுக்குத்தான சார் நீங்க இருக்கீங்க?"

ஜலீல் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மறுவாரம் கலியமூர்த்தி தண்ணீரைத் தொடாமலே, காய்ச்சினால் நுரையைத் தடுக்கும் கடினத்தன்மை போய்விடும் என்று புத்தகத்தைப் பார்த்து எழுதினான். அவன் குழுவிலிருந்த பரங்கிப்பேட்டை சுல்தானாவை ஜலீல் எழுப்பிக் கேட்டார்.

"எங்க தண்ணி காய்ச்சினாலும் நுரைக்கல சார்."

"ஒழுங்கா காய்ச்சிருக்காது சார்," என்றான் கலியமூர்த்தி.

"நீயே காய்ச்சிப் பாரு."

காய்ச்சினான். ஆறவைத்து, சோப்புக் கரைசலை விட்டுக் குலுக்கினான். திரிதிரியாக ஏதோ மிதந்ததே தவிர நுரை வரவில்லை. அவனுடைய சேத்தியாத்தோப்புத் தண்ணீரோ காய்ச்சியதும் நன்றாக நுரைத்தது. அவன் சுல்தானாவிடம் திரும்பி, "கடல்கிட்ட இருக்கறதாலயா?" என்றான். நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் ராஜமாணிக்கம் உள்ளே வந்தார். "என்ன ஜலீல், சந்தைக்கடையா இது? புத்தகத்துல ரெண்டு வரி. இதுக்கே ரெண்டு வாரம்னா போர்ஷனை யாரு முடிக்கிறது?"

"இப்பத்தான் சார் யோசிக்கவே ஆரம்பிச்சிருக்காங்க."

"யோசனையெல்லாம் பரீட்சை முடிஞ்சப்புறம் வச்சுக்கலாம்."

குழு வேலை அன்றோடு நின்றது. ஜலீல் நடையாய் நடந்து, சனிக்கிழமை பிற்பகல் ஆய்வகத்தைத் திறந்துவைக்க மட்டும் அனுமதி வாங்கினார். அதற்கு மதிப்பெண் கிடையாது.

முதல் சனிக்கிழமை வெகுநேரம் காலி ஸ்டூல்களோடு உட்கார்ந்திருந்தார். எரிச்சலில் கதவைப் பூட்டப் போனபோது, அந்த நால்வரும் பாட்டில்களுடன் வந்தார்கள். சலவை சோடா போட்டால் பரங்கிப்பேட்டைத் தண்ணீர் நுரைக்குமா என்று அவர்களுக்குள் சண்டை.

"மணி என்ன ஆவுது, இப்பத்தான் வர்றீங்களா?" என்று கடிந்துகொண்டே, ஜலீல் சோடா டப்பாவைத் தேடப் போனார்.