முருங்கைக்குப் போன நாலு மணிக் காபி

பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும் வாசனை... கூடத்தில் தறியின் சத்தம்... எழுபத்தொன்றில் கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்த புதிதில், சாயங்காலம் நாலு மணி என்றால் எனக்கு இந்த இரண்டும்தான்.

என் அப்பா அரக்கோணத்தில் ஒரு ஹோட்டலில் காபி மாஸ்டர். சீர்வரிசையில் குத்துவிளக்குக்குப் பக்கத்திலேயே அந்த ஃபில்டரையும் வைத்து அனுப்பினார். எனக்கு அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புகுந்த வீட்டில் யாருக்கும் காபிப் பழக்கம் கிடையாது. காலையில் கூழ், சாயங்காலம் மோர். வீட்டில் மூன்றே பேர். நான், பட்டு நெய்யும் என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா சரோஜா. அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர். அதற்காகவே கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர்.

முதல் நாள் நாலு மணிக்கு, நுரை ததும்பக் கொண்டுபோய் வீட்டுக்காரரின் தறி ஓரத்தில் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார் பாருங்கள்... அந்தச் சிரிப்புக்காகவே ஏழு மணிக்கு விளக்கு வைத்தபின் இன்னொரு டம்ளர் என்று ஆக்கிவிட்டேன்.

இரண்டே மாதம். மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது. படுப்பார், புரளுவார், எழுந்து தண்ணீர் குடிப்பார். விடியும் நேரத்தில்தான் கண் அசரும். பகலில் தறியில் உட்கார்ந்தபடியே சொக்குவார். புடவைக் கரையில் இழை தப்பும். பிரித்துவிட்டு மறுபடி நெய்வார்.

"யாரோ கண்ணு வெச்சிட்டாங்கமா" என்றாள் எதிர்வீட்டுக்காரி. கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்த கயிறு கட்டிக் கூட்டி வந்தேன். வந்த களைப்புக்கு என்ன கொடுத்தேன் என்கிறீர்கள்? காபிதான்! பகலில் சொக்கினால் அதற்கும் காபி. அடடா, என் அறிவே அறிவு!

சரோஜாக்காதான் முதலில் வாய் திறந்தார்.

"கோச்சுக்காதம்மா. மத்தியானத்துக்கு மேல தம்பிக்கு அந்தக் காபிய மட்டும் குடுக்காத. முன்னெல்லாம் படுத்தா கட்ட மாதிரி தூங்குவான். இப்ப ராவெல்லாம் முழிச்சிக்கினு கெடக்குறான்மா."

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா கைப்பக்குவத்தைக் குறை சொல்ல இவர் யார்? அன்று நாலு மணிக் காபியை இன்னும் திக்காகப் போட்டேன்.

அப்புறம் வந்தது பாவு தோயும் நாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளை விடிகாலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் சுற்றிவிட வேண்டும். வெயில் பட்டால் இழை முறுகி அறுந்துவிடும். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே கை கொடுக்கும்.

அன்று தெருக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். இவர் எழுந்திருக்கவில்லை. அக்கா உலுக்குகிறார், நான் உலுக்குகிறேன்... ம்ஹூம். ஒருவழியாக எழுந்து வந்தபோது வெயில் சுள்ளென்று அடிக்கிறது. இழை பட்பட்டென்று அறுகிறது.

"இன்னாபா புது மாப்ள, ராவுல தூங்க உடலையா?" என்று எவனோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

உள்ளே வந்ததும் அக்கா மெதுவாகத்தான் சொன்னார். "அன்னிக்கே சொன்னேன்லமா... அந்தக் காபி..."

"எங்க வீட்டு சீருதான்கா உங்க கண்ண உறுத்துது. நான் இந்த வீட்டுக்கு வந்ததே உங்களுக்குப் பொறுக்கல!"

கத்திவிட்டேன். அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் காலையில் அக்கா துணிப்பையோடு பக்கத்துக் கிராமமான கூரத்தில் இருந்த தன் சித்தி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். "கொஞ்ச நாள் இருந்துட்டு வரேம்மா" என்றார். அப்புறம் விசேஷங்களுக்கு வருவார், சாப்பிடுவார், போய்விடுவார். தங்க மட்டும் வரவேயில்லை. கூரத்திலேயே காலமானார்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அக்கா போன ஒரே வாரத்தில் இவருக்குத் தூக்கம் வந்துவிட்டது. நல்ல தூக்கம், குறட்டையோடு. அப்போ கண் வைத்தது யார் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். அந்த நினைப்போடு இத்தனை வருஷம் வாழ்ந்தேன்.

போன வருஷம் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போனேன். பேத்தி வயசுப் பெண்.

"சாயங்காலம் காபி குடிப்பீங்களாம்மா?"

"ரெண்டு தடவை."

"மத்தியானத்துக்கு மேல தொடாதீங்கமா. குடிச்சு பல மணி நேரம் ஆனாலும் உடம்புல நின்னு தூக்கத்தக் கெடுக்கும். சில பேருக்கு ரொம்பவே பண்ணும்."

அக்கா சொன்னதேதான். மத்தியானத்துக்கு மேல.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"எனக்கு அப்பவே தெரியும். அக்கா கையில சொல்லி, உன்கிட்ட சொல்ல வெச்சதே நான்தான்."

"என்கிட்ட சொல்லக் கூடாதாங்க?"

"நீ அவ்ளோ ஆசையா கொண்டாந்து வெப்ப... எப்பிடி வாணாம்னு சொல்றது? அக்கா சொன்னா கேட்டுக்குவன்னு நெனச்சேன். அக்கா போனப்புறம் உன் எதுர்ல ஒரு வாய் குடிச்சிட்டு, மிச்சத்தக் கொல்லையில முருங்கைக்கு ஊத்திடுவேன்."

எனக்கு அழுகையா கோபமா, தெரியவில்லை. ஒரு வார்த்தை... அவர் அன்றைக்கு வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்! இல்லை, அவரைச் சொல்லி என்ன. கத்தியது நான்தானே.

இப்போது நாலு மணிக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. இரண்டு பேரும் மோர்தான் குடிக்கிறோம், அந்த வீட்டின் பழைய வழக்கப்படி. அவர் தூங்கிவிடுகிறார். எனக்குத்தான் காபி இல்லாமலும் தூக்கம் பிடிப்பதில்லை.

படுத்தால் ஒன்றே ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. அக்கா பையோடு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே ஃபில்டரில் புது டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் என் காபியைக் குடித்ததே இல்லை. கொடுத்திருக்கலாம். அப்போது காலை ஏழு மணிதான். அந்த நேரத்துக் காபி யார் தூக்கத்தையும் கெடுத்திருக்காது.