‘ஏதோ ஓடுது’ என்ற பதில்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியிருந்த ஆனி மாதத்தில், எண்ணூரில் ஒரு மீனவக் குப்பத்தின் அம்மன் கோயில் கொட்டகையில் நடந்தது இது. இன்று வரை எனக்கு விடை தெரியாத ஒரு கேள்வி அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. யாரிடமாவது சொன்னால் தெளிவு கிடைக்குமோ என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மா ராயபுரத்தில் எங்கள் சந்து முனையில் சாயங்காலம் வடையும் போண்டாவும் போடுபவர். பி.காம். முடித்ததும், பெண்களுக்குக் குழுக்கடன் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அலுவலக அடையாள அட்டையை பஸ்ஸில் போகும்போது துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். நான் வெளியே தெரியும்படிதான் தொங்கவிடுவேன். இப்போதும் அப்படித்தான்.

மீஞ்சூர் பக்கத்துக் கிராமங்களில் இருந்து எண்ணூர்க் குப்பங்கள் வரை எங்கள் குழுக்கள் இருந்தன. கருவாடு விற்பவர்கள், இட்லிக் கடை வைத்திருப்பவர்கள், துணி தைப்பவர்கள், ஆடு வளர்ப்பவர்கள். நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம், எங்களைப் போன்ற நிறுவனம் கொடுக்கும் பணம் எங்களுடைய பணம் இல்லை. பெரிய இடங்களில் நாங்கள் கடன் வாங்கித்தான் இவர்களுக்குக் கொடுக்கிறோம். அந்த வருடம் மேலேயிருந்து வர வேண்டிய பணம் நின்றுபோயிருந்தது. பழைய கடனை ஒழுங்காகக் கட்டி முடித்த பெண்கள், அடுத்த கடன் எப்போது என்று வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர், ஆற்று முகத்துவாரத்தில் பிடிக்கும் நண்டையும் இறாலையும் எண்ணூர் ரோட்டோரத்தில் விற்கும் அக்கா. ஒரு தவணை கூடத் தவறாதவர். ஆற்றுச் சரக்கோடு காசிமேட்டு மீன்பிடித் துறைமுக ஏலத்திலும் மீன் எடுத்து விற்க வேண்டும், அதற்குக் கை முதலும் ஒரு பெரிய ஐஸ் பெட்டியும் வேண்டும் என்பது அவர் கணக்கு. “இன்னா பாப்பா, மேல இருக்கறவங்க இன்னும் தூங்கிகினு கீறாங்களா?” என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். எனக்குச் சிரிப்பும் வரும், சங்கடமாகவும் இருக்கும்.

அப்போதுதான் மும்பையில் இருக்கும் ஒரு நிதி நிறுவனம் எங்களுக்குப் பணம் தர யோசிப்பதாகச் செய்தி வந்தது. முடிவு செய்வதற்கு முன் அவர்களுடைய அதிகாரி ஒருவர் நேரில் வந்து பெண்களைப் பார்க்க வேண்டும் என்றார்களாம். எங்கள் மேலாளர் எண்ணூர்க் குழுவைத் தேர்ந்தெடுத்தார். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிட்டார். குப்பத்துப் பேச்சும் தெரியும், ஆங்கிலமும் தெரியும் என்று அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் அவர் சொன்னபோது என் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

முந்தைய வாரக் கூட்டத்திலேயே மேலாளர் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். வருகிறவர் தொழில் எப்படிப் போகிறது என்று கேட்பார், கடன் வாங்கிய பிறகு நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள், இதை நம்பித்தான் எல்லோருடைய அடுத்த கடனும் இருக்கிறது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

வந்தவர் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். பகட்டு எதுவும் இல்லை. நாற்காலி போட்டிருந்தும் பாயில் பெண்களோடு உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவருடைய முதல் கேள்வியே மேலாளர் சொன்ன அதே கேள்விதான். தொழில் எப்படிப் போகிறது?

முதலில் கருவாடு விற்கும் பெண். ஏதோ ஓடுது, கஞ்சிக்குக் கஷ்டமில்லை, அவ்வளவுதான் என்றார். அடுத்தவர் இட்லிக் கடை. எரிவாயு விற்கிற விலையில் என்ன மிஞ்சும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். தையல்காரர், இந்தக் காலத்தில் யார் தைத்துப் போடுகிறார்கள் என்றார். குழுத் தலைவி சுமார் என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டார். நான் ஒவ்வொன்றையும் அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். மேலாளர் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வது? அவர்கள் சொல்வதைத்தானே நான் சொல்ல முடியும்?

நண்டு அக்காவின் முறை வந்தது. “ஆத்துல ஒண்ணும் இல்ல மேடம். கூடையோட போயி கூடையோட வந்துகினு கீறேன்” என்றார். அதையும் சொன்னேன்.

வந்தவர் பேனாவை மூடிவிட்டு, கடன் வாங்கியும் ஒருவருக்குக் கூடப் பயனில்லையா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, இட்லிக் கடைப் பெண் கருவாட்டுக்காரரை முழங்கையால் இடித்தார். “ஏம்மே, வூட்டு மேல மாடி எடுத்துகினு கீறியே, அத்த சொல்லேன்.”

“கம்முனு கெட மே. நீயே கண்ணு வெச்சிடுவ போலக் கீது.”

கொட்டகையே சிரித்தது. என்ன சிரிப்பு என்று வந்தவர் கேட்டார். எனக்குள் சட்டென்று ஒரு விளக்கு எரிந்த மாதிரி இருந்தது. அம்மா ஞாபகம் வந்தது. யார் கேட்டாலும் எண்ணெய்க்கே சரியாகப் போய்விட்டது என்றுதான் அம்மா சொல்வார். அப்படிச் சொன்ன ஒரு வாரத்தில்தான் எனக்கு வெள்ளிக் கொலுசு வாங்கினார்.

ஆகவே நான் விளக்கினேன். எங்கள் பக்கத்தில் தொழில் நன்றாக ஓடுகிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள் மேடம், சொன்னால் கண் பட்டுவிடும் என்ற பயம், ஏதோ ஓடுகிறது என்றால் நன்றாக ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றை நான் மட்டும் சொல்லிக் கொடுக்கிறேன் என்ற பெருமிதத்தோடுதான் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய அப்பா துணிக்கடை வைத்திருந்தாராம். தீபாவளிக் கூட்டத்தில் கடைக்குள் நிற்க இடம் இருக்காதாம். பக்கத்துக் கடைக்காரர் விசாரித்தால், ஈ ஓட்டுகிறேன் என்பாராம். அதை அவர் சொல்ல, நான் தமிழில் சொல்ல, பெண்கள் எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். நண்டு அக்கா சிரித்தாரா என்று நான் கவனிக்கவில்லை.

கிளம்பும் முன் ஒரு கடையையாவது பார்க்க வேண்டும் என்றார். நண்டு அக்கா ரோட்டோரத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். சிமெண்டுச் சாக்கின் மேல் அவர் கூடை. அதில் கொஞ்சம் இறால். அக்கா பக்கத்துக் கடைப் பெண்ணிடம் ஏதோ சொல்ல, அவர் அங்கிருந்த இன்னொரு கூடையிலிருந்து நல்ல பெரிய நண்டுகளாகப் பொறுக்கிக் கொடுத்தார். அக்கா அவற்றின் கால்களைக் கட்டிப் பையில் போட்டு வந்தவரிடம் நீட்டினார். பணம் கொடுக்கப் போனவரின் கையைத் தடுத்துவிட்டார். வந்தவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தொழில் படுத்துவிட்டவர் இப்படியா தூக்கிக் கொடுப்பார் என்ற அர்த்தம் அதில் இருந்தது.

அவரும் மேலாளரும் காரை நோக்கி நடந்தார்கள். நான் அக்காவிடம் விடைபெற நின்றேன். கொட்டகையில் அந்த அம்மாவிடம் என்ன சொன்னாய், முதலில் முகம் வாடியிருந்தது, பிறகு சிரித்தாரே என்று அக்கா கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“மத்தவளுங்க சொன்னது எப்டியோ. நான் நெசமாத்தான் சொன்னேன் பாப்பா.”

அப்போதுதான் அந்தக் கூடை பக்கத்துக் கடையுடையது என்று உறைத்தது. அந்த நண்டுகள் அக்காவுடையவை இல்லை. வீடு தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று கைமாற்றாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதை வைத்துத்தான் அந்த அம்மா கண் சிமிட்டினார்.

அப்படியென்றால் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அக்கா ஆற்றுப் பக்கம் பார்த்தார். அனல் மின் நிலையப் புகைபோக்கிகளுக்குக் கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது.

“ஆத்துல இருந்தா நான் இன்னாத்துக்கு மே காசிமேடு போறேன்? இல்லன்னுதானே லோனே கேக்கறேன். இல்லன்னு சொன்னா குடுக்க மாட்டாங்க. இருக்குதுன்னு நான் எப்டி சொல்றது? நீ படிச்சவ, எது சரின்னு படுதோ அத்த சொல்லு, போ.”

கார் ஹாரன் அடித்தது.

காரில் திருவொற்றியூரைத் தாண்டும் வரை எனக்குள் ஒரே கணக்குதான் ஓடியது. சொன்னால் எத்தனை பேருடைய கடன் நின்றுபோகும் என்று ஒரு பக்கம் தோன்றியது. சொல்லாவிட்டால், கூடையோடு போய்க் கூடையோடு வருகிற ஒருவர் தலையில் என் வாயாலேயே இன்னொரு கடனை ஏற்றுகிறேனே என்று இன்னொரு பக்கம். ஆனால் அந்தக் கடனைத்தானே அவர் கேட்கிறார்? காசிமேட்டு மீன் ஓடினால் அவர் பிழைத்துக்கொள்வார். ஓடாவிட்டால்? கல்லூரியில் படித்த எதிலும் இதற்குப் பாடம் இருந்ததாக ஞாபகம் வரவில்லை.

பேசின் பிரிட்ஜ் பக்கம் வண்டி நெரிசலில் நின்றபோது சொல்லிவிட்டேன். அந்த நண்டு அக்கா, தான் சொன்னது உண்மைதான் என்கிறார் மேடம், மற்றவர்களைப் போல அவர் கண்ணுக்குப் பயந்து சொல்லவில்லையாம், நண்டு கூட அவருடையது இல்லை என்றேன். முன் சீட்டில் மேலாளரின் தோள் விறைத்தது.

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். என் அப்பாவும் இதையேதான் சொல்வார், நான் நிஜமாகத்தான் சொல்கிறேன், சரக்கெல்லாம் மற்றவர்களுடையது என்பார் என்றார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, நீ இந்தப் பெண்களை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறாய் என்றும் சொன்னார்.

என் விளக்கத்தால் நானே சாத்திய கதவு அது. என்னாலேயே திறக்க முடியவில்லை. இல்லை மேடம், இவருக்கு அப்படி இல்லை என்று இன்னொரு முறை சொன்னேன். அவர் சிரித்தபடியே தலையாட்டினார். கார் நகர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். எண்ணெய்க்கே சரியாகப் போய்விட்டது என்பாயே, அது கண்ணுக்குப் பயந்து சொன்னதா, நிஜமா என்று. அம்மா அடுப்பில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

“எந்த நாளுன்னு சொல்லு.”

அவ்வளவுதான் பதில். கொலுசு வாங்கிய வாரம் மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. மற்ற வாரங்களில் அம்மா என்ன செய்தார் என்று நான் கேட்டதே இல்லை.

பணம் வந்தது. எண்ணூர்க் குழுவில் எல்லோருக்கும் கடன் கிடைத்தது. நண்டு அக்கா ஐஸ் பெட்டி வாங்கினார். விடிவதற்கு முன்பே காசிமேடு போய் ஏலத்தில் மீன் எடுக்கிறார். தவணை தவறியதில்லை. ஒரு வாரம் மட்டும் காதில் கம்மல் இல்லாமல் ஈர்க்குச்சி செருகியிருந்தார். கேட்டேன். மெருகு போடக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். சில வாரங்கள் கழித்துக் கம்மல் காதுக்குத் திரும்பி வந்தது. பளபளவென்றுதான் இருந்தது. மெருகுக்குப் போய் வந்ததா, அடகுக்குப் போய் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் அந்த விளக்கத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு நல்லதா, சொன்னது நல்லதா? அதுவும் தெரியாது.

இப்போதெல்லாம் யாராவது ஏதோ ஓடுகிறது என்றால் நான் அதற்கு அர்த்தம் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கூடையைப் பார்க்கிறேன். அதனால் எல்லாம் விளங்கிவிடுகிறது என்றும் சொல்ல மாட்டேன்.

போன மாதம் எண்ணூர் பஸ்ஸில் என்னோடு கல்லூரியில் படித்த தோழியைப் பார்த்தேன். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, வேலை எப்படிடி போகிறது என்று ஆவலாகக் கேட்டாள். எனக்குப் பதவி உயர்வு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதே இரண்டு வாரமாக எனக்குச் சரியாகத் தூக்கமும் இல்லை. “ஏதோ ஓடுது” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே தேரடியில் இறங்கிப் போன பிறகும், கண் பட்டுவிடும் என்று பயந்து சொன்னேனா, நிஜத்தைச் சொன்னேனா என்று எனக்கே தெரியாமல், அந்த அக்காவின் கூடையை நினைத்துக்கொண்டே எண்ணூர் வரை போனேன்.