நீளமாக விட்ட விரல்

1. தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டி முடித்த மலையில் அடுப்புக்கு மிளாறு விறகு வெட்டும்போது அரிவாள் தவறி, அம்மாவின் இடது ஆள்காட்டி விரல் நுனி போயிற்று.

2. எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர், இன்னும் கொஞ்சம் குறைத்துத்தான் தைக்க வேண்டும் என்றார்.

3. அம்மா அழுதாள். கூடப் போன கங்காணியும் கெஞ்சினார்: "இருக்கிற நீளத்த விட்டுருங்கய்யா. கொழுந்து கிள்ற விரலு." டாக்டர் மனமிரங்கினார்.

4. புண் நன்றாக ஆறியது.

5. வேலைக்குத் திரும்பிய அன்று, முதல் கொழுந்தைத் தொட்டதும் அம்மா கூடையோடு உட்கார்ந்துவிட்டாள்.

நான் அப்போது மதுரையில் நர்ஸ் படிப்பின் கடைசி வருடம். லீவில் சின்னக்கானலுக்கு வந்து, அந்தத் தழும்பை நகத்தால் லேசாகத் தொட்டேன்.

"ஏட்டி, கரண்டு அடிக்குதுடீ!" என்று கையைப் பிடுங்கிக்கொண்டாள். தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது.

அறுபட்ட நரம்பு மறுபடி வளரப் பார்க்கும். போய்ச் சேர இடமில்லையென்றால் தழும்புக்குள்ளேயே சுருண்டு முடிச்சாகிவிடும். அப்படி ஆகாமலிருக்க, நரம்பை மெல்ல இழுத்து மேலே வெட்டிவிட வேண்டும்; நுனி தழும்பை விட்டு விலகிச் சதைக்குள் போய்விடும். அதற்கு விரல் குறைய வேண்டும். எஸ்டேட் கொடுத்த எங்கள் லய வீடுகளிலோ நீளம் போனால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். அப்பா இல்லாத வீட்டில் வேலையாட்கள் பேரேடான பெரட்டில் இருந்தது அம்மாவின் பேர் மட்டும்தான்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணி கேலி செய்தார். "என்னக்கா, விரல மெழுகுவத்தி கணக்கா தூக்கிட்டு வாற? கோயிலுக்கா?"

"ஆமா, ஒம்ம அடக்கத்துக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவின் கூடையைத் தராசில் மாட்டியதும் சிரிப்பு நின்றது. பாதிகூட இல்லை.

படிப்பு முடிந்ததும் மலைக்குக் கீழே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். விரலைக் குறைத்தார்கள், நரம்பைச் சதைக்குள் புதைத்தார்கள். "திரும்ப வராதுன்னு சொல்ல முடியாதும்மா," என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. மழைக்காலக் குளிர் வந்ததும் வலியும் வந்தது. அவளே தடவிப் பார்த்து, "இங்கயும் அரிசி இருக்குடீ," என்றாள்.

இப்போது விரல் குட்டை. வலி அப்படியே இருக்கிறது. பெரட்டில் அம்மாவின் பேர் இல்லை. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் தங்கியிருக்கும் நர்ஸ் ஹாஸ்டலில் அம்மாவைச் சேர்க்க மாட்டார்கள்.