காவிரியின் மகள், வயோலா வரிசை

சில்வியா வயோலா வாசிக்கிறாள் என்று சொன்னால் காரைக்காலில் யாருக்கும் புரியாது. எங்கள் தெருவே அதை வயலின் என்றுதான் சொல்லும். வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரல் கனத்தது, கூட்டத்தில் தனியாகக் காதில் விழாதது என்று தொடக்கத்தில் அவளும் விளக்கிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். மாதா கோயில் பாடற்குழுவில் வயலின் பிடித்தவள், சென்னைக்குப் போய் முறையாகப் படித்து, சினிமா ஒலிப்பதிவுகளில் பத்தோடு பதினொன்றாக உட்கார்ந்து வாசித்துப் பிழைக்கிறாள். நாற்பதை நெருங்குகிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா மார்ட்டின் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. அந்த வழியில் பிறந்தது முதலே சில்வியாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. இதெல்லாம் எங்கள் ஊரில் அதிசயம் இல்லை.

சென்னையில் மாறன் என்று ஓர் இசையமைப்பாளர். சோப்புக்கும் நகைக்கடைக்கும் விளம்பர இசை போட்டு வசதியானவர். இந்த தேசத்துக்கு ஒரு சிம்பொனி இல்லையே என்று ஒருநாள் அவருக்குக் கவலை வந்துவிட்டது. 'காவிரி' என்று பெயர் வைத்து நான்கு பாகங்கள் எழுதினார். முதல் பாகத்தில் மலை ஊற்று, அதற்குப் புல்லாங்குழல். இரண்டாவதில் அருவி. மூன்றாவதில் அறுவடை; அதில் வரும் தவிலை வாசிக்க ஆள் கிடையாது, லேப்டாப்பைத் தட்டினால் வரும். நான்காவதில் நதி கடலில் கலக்கும். ஊதுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஊத, முரசடிப்பவர் மூச்சு வாங்க அடிப்பார். விமானம் இறங்குகிற சத்தத்துக்கு இது பரவாயில்லை என்பாள் சில்வியா.

இந்தியாவின் இசையை உலகத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று அறிவித்து, மாறன் தன் குழுவை ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போனார். பெண்களுக்கு மயில்நீலப் பட்டுப்புடவை, ஆண்களுக்குச் சரிகை வேட்டி. செல்லோவைக் காலிடுக்கில் வைத்து வாசிக்கிறவர்கள் வேட்டியோடு பட்ட பாட்டைப் பார்த்து, ஊக்கு குத்திவிட என்றே ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். மாறன் மட்டும் தோளில் ஒரு காவிச் சால்வை போட்டிருந்தார். குளிருக்கு அதற்குள் ஒரு ஸ்வெட்டர்.

பாரிஸ் விமான நிலையத்தில் எல்லாரும் நீளமான வரிசையில் நிற்க, சில்வியா பக்கத்தில் காலியாக இருந்த ஐரோப்பியர் வரிசைக்குப் போனாள்.

"அந்தப் பக்கம் எங்கம்மா போற? நம்ம லைன் இது" என்றார் மாறன்.

"எனக்கு அந்த லைன்தான் சார்."

அவளுடைய சிவப்புப் பாஸ்போர்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல வருடமாக அவள் அவருக்கு வாசிக்கிறாள். எந்த ஊர் என்று அன்றுதான் கேட்டார்.

"காரைக்கால் சார்."

"காரைக்காலா? அங்கதானே காவிரி கடல்ல கலக்குது?"

"அரசலாறுன்னு ஒரு கிளை சார். அது வரும், வந்தா."

கடைசி வார்த்தை அவர் காதில் ஏறவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. காவிரியின் மகள் ஒருத்தியைக் கையோடு கூட்டி வந்திருக்கிறோம், அதுவும் பிரெஞ்சு பேசுகிறவள். இது தெரியாமல் இத்தனை நாள் இருந்தோமே என்று மேலாளரிடம் வருத்தப்பட்டார். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தபோது மட்டும் குரலைத் தாழ்த்தி, "இத வெளிய யார்கிட்டயும் காட்டிக்காத" என்றார்.

லியோன் நகரில் முதல் கச்சேரி. கடைசிப் பாகத்துக்கு முன்னால் அவள் எழுந்து வந்து பிரெஞ்சில் பேச வேண்டும் என்று முடிவாயிற்று. பேச்சையும் அவரே தமிழில் எழுதிக் கொடுத்தார். சிறுமியாக இருந்தபோது அதிகாலையில் காவிரியில் நீராடி, நதித்தாயின் தாலாட்டில் இசை கற்றதாக அதில் இருந்தது. சில்வியாவுக்கு நீச்சல் தெரியாது.

அன்று மண்டபத்தில் பாதிக்கு மேல் ஆள் இருந்தது. தமிழ்ச் சங்கத்தார் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மற்றவர்கள் சந்தா கட்டி எந்தக் கச்சேரி என்றாலும் வருகிற வெள்ளைக்காரக் கிழவர்கள். சில்வியா ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து தாளைப் பார்த்தாள். முதல் வரியைப் படிக்க வாய் வரவில்லை. தாளை மடித்துவிட்டுச் சொன்னாள்:

"அடுத்து, காவிரி கடலில் கலப்பதைக் கேட்கப் போகிறீர்கள். நான் அந்த இடத்துக்காரி. எங்கள் ஊரில் காவிரி கடலுக்குப் போவதில்லை. கடல்தான் உள்ளே வருகிறது. நீங்கள் கேட்கப்போகும் அளவுக்குத் தண்ணீரை நான் அந்த ஆற்றில் பார்த்தது கிடையாது."

மாறனை அவமானப்படுத்தத்தான் சொன்னாள். அதை அவள் ஒளிக்கவில்லை. முதலில் கிழவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரை போய்க் கைதட்டலாகத் திரும்பியது. பிரெஞ்சு தெரியாத மாறனும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்து, அவளைப் பார்த்துக் கை கூப்பினார்.

கச்சேரி முடிந்ததும் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் போனாள்.

"சங்கத்துக்காரர் அர்த்தம் சொன்னார். கடல்தான் உள்ள வருது... என்னா கற்பனைம்மா. எல்லா ஊர்லயும் இதையே சொல்லிடு."

"அது கற்பனை இல்ல சார்."

"அதத்தான் சொல்றேன். நிஜம் மாதிரியே இருக்கு."

அதன்பிறகு ஒவ்வொரு ஊரிலும் சொன்னாள். பிரெஞ்சு புரியாத ஊர்களில் ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லா ஊரிலும் அதே இடத்தில் சிரித்தார்கள். வியன்னாவில் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தாள்: 'போவதில்லை' என்றதும் தான் கொஞ்சம் நிறுத்துகிறோம், சிரிப்புக்கு இடம் விடுகிறோம் என்று. அதுவரை மாறன்மேல் மட்டும் இருந்த இளக்காரம் அன்று அவள்மேலும் விழுந்தது.

ஊர் திரும்பிய வாரம் விழிதியூர் தெட்சிணாமூர்த்தி வந்தார். மார்ட்டினின் பழைய சிநேகிதர்; கடைமடையில் நெல் போடுகிறவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்டார்.

"நம்ம ஆத்தப் பத்திப் பேசுனியாமே பாப்பா. எம்மருமவ செல்லுல காட்டுனா. வெள்ளக்காரங்க எல்லாம் அப்புடிச் சிரிக்கறாங்க. பாஷைதான் ஒண்ணும் வெளங்கல. என்ன சொன்ன?"

சில்வியா தமிழில் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. இன்னும் ஏதோ மிச்சம் இருப்பதுபோலக் காத்திருந்தார்.

"அவ்ளோதான் மாமா."

"நெசத்தத்தானே சொல்லிருக்க. இதுல சிரிக்க என்ன இருக்கு? எங்க போர்லயே உப்புத் தண்ணிதான் வருது. உப்புத் தண்ணியத் தடுக்கற ஷட்டர் துருப்புடிச்சி எறங்க மாட்டேங்குது. கடலு ஏறுறப்ப தண்ணி நேரா வாய்க்காலுக்குள்ள வந்துடுது." கொஞ்சம் தயங்கினார். "அந்த மாறன் சாருக்கு மந்திரிங்கல்லாம் பழக்கமாமே. ஆத்தப் பத்தித்தானே பாட்டுப் போட்டுருக்காரு. ஒரு வார்த்த சொல்லச் சொல்லேன்."

மார்ட்டின் வேறு பக்கம் பார்த்தார். அவருக்கு இந்த மாதிரி சிபாரிசெல்லாம் பிடிக்காது. சில்வியாவுக்கும் பிடிக்காதுதான். ஆனால் மாறனிடம் அவள் கேட்டாள். சென்னையில், ஒலிப்பதிவு இடைவேளையில், கடைமடை என்றால் என்ன, ஷட்டர் எதற்கு, உப்பேறினால் நிலம் என்ன ஆகும் என்று எல்லாம் சொல்லிக் கேட்டாள். மாறன் காபி குடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"அரசியல் நமக்கு எதுக்கும்மா? நாம கலைஞர்கள். அப்புறம், அந்த ஷட்டர் துருப்பிடிச்ச சமாசாரம் நல்லாருக்கு. அடுத்த டூர்ல பேச்சுல சேத்துக்க."

"நான் இனிமே பேசல சார்."

"ஏன், நல்லாத்தானே போச்சு?"

"வாசிக்க மட்டும் வரேன்."

குழுவை விட்டே விலகியிருக்கலாம். சென்னையில் வாத்தியக் கோஷ்டிகளுக்கு ஆள் எடுப்பவர்களில் பாதிப்பேர் மாறனின் ஆட்கள். விலகினால் ஒலிப்பதிவு வேலையும் போகும். அவள் அப்படியெல்லாம் வீரம் காட்டுகிறவள் இல்லை. வீரம் காட்டினேன் என்று பின்னால் கதை விடுகிறவளும் இல்லை.

மாறன் அலட்டிக்கொள்ளவில்லை. அடுத்த பயணம் ஜப்பானுக்கு. புல்லாங்குழல் வாசிக்கும் சிவப்ரியா கோயம்புத்தூர்க்காரி. காரைக்கால் பக்கம் ரயிலில்கூடப் போனதில்லை. அவளைக் காவிரியின் மகளாக்கினார். அவளும் மயில்நீலப் புடவையில் நின்று, "எங்க ஊரில் கடல்தான் உள்ளே வரும்" என்று ஆங்கிலத்தில் இழுத்துச் சொன்னாள். துருப்பிடித்த ஷட்டரையும் சேர்த்துக்கொண்டாள். சில்வியாவைவிட அவளுக்குச் சிரிப்பு அதிகம் விழுந்தது. குறை சொல்ல முடியாது. சொல்லும் விதம் அவளுக்கு வந்தது.

சில்வியா வயோலா வரிசையில் வில்லை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். சிரிப்பு அடங்கியதும் மாறன் கையைத் தூக்கினார், நதி கிளம்பியது. ஊதுகருவிகள் முழங்கின. அந்த இரைச்சலில் வயோலாக்களுக்கு ஒரே சுரத்தை நடுக்கிக்கொண்டே இருக்கும் வேலை. சில்வியா வில்லைத் தந்திக்கு மேலே ஒரு நூல் உயரத்தில் தூக்கிப் பிடித்து, மற்றவர்களோடு ஒன்றாகக் கையை மட்டும் ஆட்டினாள். தந்தியைத் தொடவே இல்லை. பக்கத்தில் இருந்தவருக்குக்கூடத் தெரியவில்லை. ஒவ்வொரு ஊரிலும் அந்த இடத்தில் அப்படியே செய்தாள்.

கடைசிக் கச்சேரி முடிந்து எல்லாரும் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது மாறன் அவள் பக்கம் வந்தார்.

"இந்த டூர்ல வயோலா செக்‌ஷன் பிரமாதம்மா. முக்கியமா கடைசிப் பாகத்துல."

"தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டுச் சில்வியா பெட்டியை மூடினாள்.