கௌதமர் நகரின் பழைய பெயர்

நீலமேகம் லேசில் வாயைத் திறக்கமாட்டார். திறந்துவிட்டால் மூடவைப்பது பெரும்பாடு. ஹார்பரில் மூட்டை தூக்கித் தூக்கியே தோள்பட்டை காய்த்துப்போன மனுஷர். கொருக்குப்பேட்டை கூட்ஸ் லைனை ஒட்டிய கௌதமர் நகரில் சின்னக் குழந்தைக்குக்கூட அவரைத் தெரியும். அந்தப் பெயரை வைத்ததே அவர்தான்.

அதற்கு முன்பு அந்த இடத்துக்கு வேறு பெயர். பஸ்ஸில் கண்டக்டர் அதைச் சொன்னால் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதைச் சொல்லித்தான் பின்பெஞ்சுக்கு விரட்டுவார். எட்டாவதோடு நீலமேகம் படிப்பை விட்டதற்குப் பாதிக் காரணம் அந்தப் பெயர்தான். எழுபதுகளின் நடுவில், மீசை முளைத்த கையோடு, பாபாசாகேப் பிறந்தநாளன்று தோஸ்துகளைச் சேர்த்துக்கொண்டு நீலப் பலகையில் ‘கௌதமர் நகர்’ என்று எழுதித் தெருமுனையில் நட்டார்.

பலகை நட்டதோடு விட்டாரா? அதுதான் இல்லை. அந்த வருஷப் போகிக்கு வீடு வீடாகப் போய், பழைய பெயர் போட்ட ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் வாங்கி நெருப்பில் போட்டார். பிள்ளைகள் மேளம் அடித்தார்கள், பெண்கள் குலவை போட்டார்கள். பழைய பெயரில் தபால் வந்தால் யாரும் வாங்கக்கூடாது என்று கட்டுப்பாடும் வந்தது. ஒருவனுக்கு வந்த இண்டர்வியூ கடிதாசிகூட அப்படித் திரும்பிப் போயிற்று. போனால் போகட்டும் என்று அவனே சொன்னான். கொஞ்சம் கொஞ்சமாகப் புதுக் கார்டுகள் புதுப் பெயரில் வந்தன. பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பழைய பெயர் காதில்கூட விழவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் இடி விழுந்தது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்காக ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களாம். கௌதமர் நகர் முழுக்க ஆக்கிரமிப்பாம். எல்லாரையும் லாரியில் ஏற்றி ஊரின் தென்கோடியில், ஹார்பர் எந்தத் திசை என்றே தெரியாத ஒரு இடத்தில் இறக்கப் போகிறார்களாம். அங்கே போனால் மீன் கூடைக்காரிகளும் லோடுமேன்களும் எதைத் தின்பது?

வண்ணாரப்பேட்டை வக்கீல் ஜீனத் வழக்கைக் கையில் எடுத்தாள். சின்னப் பெண், ஆனால் சூட்டிகை. எழுபதுகளின் தொடக்கத்தில் நகரத்துக் குடிசைப் பகுதிகளை அரசிதழில் பட்டியல் போட்டு அறிவித்தார்கள், அதில் நம் இடம் இருந்தால் ஆக்கிரமிப்பு என்று சொல்லி வாரிக்கொட்ட முடியாது என்றாள். அலுவலகத்தில் கேட்டால் அந்தக் காலத்து இதழ் கைவசம் இல்லை என்கிறார்கள். பல்கலைக்கழக நூலகத்துக்கு அரசிதழ் ஒன்று விடாமல் வரும், வருஷவாரியாகக் கட்டி வைத்திருப்பார்கள், வெளியாள் போய்ப் பார்க்க நான் கடிதம் தருகிறேன் என்றாள். தானே வருவதாகவும் சொன்னாள். நீலமேகம்தான் வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் இறங்கி நூலகத்துக்குப் போனார். அரசு வெளியீட்டுப் பிரிவில் ஃப்ளோரன்ஸ் என்ற அம்மாள் இருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டு, இடத்தின் பெயர் என்ன என்று கேட்டார். கௌதமர் நகர் என்றார் நீலமேகம், நெஞ்சை நிமிர்த்தி.

ஃப்ளோரன்ஸ் கட்டுக் கட்டாக எடுத்து வந்து போட்டார். தொட்டால் ஓரம் உதிர்கிற காகிதம். நீலமேகம் விரலை வைத்து வரிவரியாகப் போனார். வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை என்று எல்லார் ஊரும் இருந்தது. கௌதமர் நகர் இல்லை. மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். பட்டியல் வந்தது முன்னால், பலகை நட்டது பின்னால் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தெரிந்தும் தேடினார், பாவி மனுஷன். அந்தக் காலத்தில் வேறு பெயர் ஏதாவது இருந்ததா என்று ஃப்ளோரன்ஸ் பொறுமையாகக் கேட்டபோதெல்லாம் இல்லை என்று தலையை ஆட்டினார்.

வீட்டில் குப்பம்மா விடவில்லை. இருபத்தைந்து வருஷம் இந்த ஆளோடு குடித்தனம் நடத்தியவள், அவர் எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறார் என்று கண்டுபிடிக்க அவளுக்கு நேரமாகவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“அந்தப் பேர சொல்லிட்டு வாய்யா. பேரா வந்து மழைக்கு ஒதுங்க எடம் குடுக்கும்? வூடு நிக்கட்டும், அது போதும்.”

அவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டார். அவள்மேல் கோபம் இல்லை. அவள் சொன்னது சரி என்பதுதான் தாங்கவில்லை.

விசாரணைக்கு முந்தைய நாள் மறுபடி நூலகத்துக்குப் போனார். ஃப்ளோரன்ஸின் மேஜைக்கு முன்னால் நின்று, அக்கம்பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தி, “பீவண்டி மேடுன்னு பாரும்மா” என்றார்.

ஊர்க் கக்கூஸ் வாரிய வண்டிகளையெல்லாம் நிறுத்திய மேடு அது. வண்டி தள்ளியவர்கள் அங்கேயே குடிசை போட்டுக்கொண்டார்கள். நீலமேகத்தின் அப்பனும் அதில் ஒருவர். ஃப்ளோரன்ஸ் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டைத் திறந்தபடி கொண்டுவந்து வைத்தார். பீவண்டி மேடு, கொருக்குப்பேட்டை. சர்வே எண் இருக்கவேண்டிய கட்டத்தில் வெறும் கோடு. எத்தனையோ முறை விரல் தாண்டிப்போன பக்கம்தான் அது. நீலமேகத்துக்குக் கண் கலங்கியது. சந்தோஷமா அவமானமா என்று அவருக்கே விளங்கவில்லை. நகல் எடுத்து முத்திரை வைத்து வாங்கிக்கொண்டு, நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தார்.

மறுநாள் ஜீனத் அதை, ஊர்க்காரர்களின் ஆட்சேபத்தை விசாரிக்க உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் கொடுத்தாள். அவர் நிதானமாகப் படித்தார். ஒன்றும் கெட்ட மனுஷர் இல்லை. இதில் இருப்பது பீவண்டி மேடு, சர்வே எண்ணும் இல்லை, நீங்கள் இருப்பது கௌதமர் நகர், இரண்டும் ஒன்று என்பதற்கு ஒரு காகிதம் காட்டுங்கள் என்றார். பழைய ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று, ஒரு தபால் உறை இருந்தாலும் போதுமாம். ஜீனத் திரும்பி ஊர் ஜனத்தைப் பார்த்தாள். ஊர் ஜனம் நீலமேகத்தைப் பார்த்தது.

“எல்லாம் நாந்தான் சார் கொளுத்துனேன்” என்றார் நீலமேகம். “ஒண்ணு பாக்கி இல்லாம வாங்கிக் கொளுத்துனேன். அந்தப் பேர்ல பொறந்தவன் நானு. நானே சாட்சி சொல்றேன், எழுதிக்கோங்க.”

வாய்ச்சொல்லைப் பதிவு செய்யலாம், ஆதாரமாக எடுக்க முடியாது என்றார் அதிகாரி. ஜீனத் எவ்வளவோ வாதாடினாள். ஆட்சேபம் தள்ளுபடியானது. நகலை மட்டும் ஃபைலில் கோத்துக்கொண்டார்கள்.

அந்த வாரமே ஜே.சி.பி. வந்தது. நீலப் பலகையை முதலில் பிடுங்கியதாகச் சொல்லத்தான் எனக்கு ஆசை, ஆனால் அதை யாரும் கவனிக்கவே இல்லை. அவரவர் பாத்திரம் பண்டத்தை லாரியில் ஏற்றுவதற்கே நேரம் போதவில்லை. குப்பம்மா அடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தென்கோடியில் இறக்கிவிட்ட இடத்தில் ஆளாளுக்கு ஒரு ஒதுக்கீட்டு அட்டை கொடுத்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் நீலமேகத்திடம் கொண்டுவந்து நீட்டினார்கள். பெயர், பிளாக், கதவு எண் என்று படித்துக்கொண்டு வந்தவர், ‘முன்பு வசித்த இடம்’ என்ற வரியில் நின்றார். யாரோ ஒரு குமாஸ்தா ஃபைலைப் பார்த்து ஒழுங்காக வேலை செய்திருந்தான். பீவண்டி மேடு என்று அச்சடித்து, அடைப்புக்குள் கௌதமர் நகர் என்று போட்டிருந்தான். இரண்டும் ஒரே இடம்தான் என்பதற்கு ஒரு காகிதம் கேட்டார்களே, அது இப்போது வீட்டுக்கு ஒன்று இருந்தது.

அடைப்புக்குள் இருந்ததை மட்டும் படித்துவிட்டு அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். கடைசியாகக் குப்பம்மா வந்தாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் விரல் எங்கே தாண்டிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுக்கு முன்னாடி இன்னாவோ எழுதிக்கீது பாரு. அதையும் படி.”

சுற்றிலும் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். நீலமேகம் படித்தார். அப்படியென்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டது.